ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு காலு நொண்டி. இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. தாம்பாளத்துல உங்க பேங்க் ஆளுங்க அஞ்சு பேர் பேரும் வரணும். மேல ‘அன்பளிப்பு’ன்னு போடணும். அப்புறம் தேதி... தேதியும் வேணும்னுதானே சொல்ல வந்தீங்க? போட்டுருவோம். நீங்க வாயெடுத்தாலே எனக்குப் புரிஞ்சிரும். இந்தக் கடையில இருபது வருஷமா இந்த மெஷினோட உக்காந்து பாத்திரத்துல பேர் வெட்டுறேன். பாதி ஆளுக பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் வெட்டி முடிச்சிருவேன்.

என்ன, தப்பா வந்திருக்கான்னு கேக்குறீங்களா? வந்திருக்கு. ரெண்டு மூணு தடவ. அது அவங்க மெதுவாச் சொன்னதால.

அப்புறம், அந்த ஸ்கூல் எப்படின்னு கேட்டீங்கள்ல. அருப்புக்கோட்டைக்கு மாத்தலாகி வர்றவங்க எல்லாரும் வீடு பாத்ததும் அடுத்து இதத்தான் கேப்பாங்க. உங்க பையன்... பொண்ணா? சரி, பொண்ணு. என் பொண்ணு பிரதீபா அங்கதான் எட்டாவது படிக்கிறா. நான் பெற்றோர் சங்கத்துலயும் இருக்கேன். நல்ல ஸ்கூல்தான் சார். கட்டடம் நல்லாருக்கு, குடிக்கிற தண்ணி நல்லாருக்கு, பாத்ரூமைக் கழுவுறாங்க. எல்லாம் இருக்கு. ஹிஸ்டரி எடுக்கிறதுக்கு ஜெசிந்தா மிஸ்னு ஒருத்தங்களும் இருக்காங்க. அவங்க கையில மட்டும் பிள்ளையக் குடுத்துராதீங்க. ஏன்னு சொல்றேன். அஞ்சு பேரு வெட்டணும்ல, நேரம் கிடக்கு.

போன மாசம் எட்டாவது பிள்ளைகளை மதுரைக்கு டூர் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. நம்ம காலத்துல டூர்னா என்ன சார்? மகாலைச் சுத்திக் காட்டுவாங்க, வைகை டேமுக்குக் கூட்டிட்டுப் போயி ஊஞ்சல்ல ஆடவிடுவாங்க, திரும்பி வர்றப்ப பாதிப் பிள்ளைக வாந்தி எடுக்கும். இந்த மிஸ்ஸு என்ன சொல்றாங்கன்னா, ‘சார், இது டூர் இல்ல, களப்பயணம்’ங்கிறாங்க. களப்பயணத்துல புளியோதரை உண்டா மிஸ்னு கேட்டேன். உண்டுன்னாங்க. அப்ப டூர்தானேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதோட விட்டாங்களா? ஒரு பிள்ளைக்கு ஒரு பொருளாம். மகால்ல தூணு ஒருத்தனுக்கு, வளைவு ஒருத்திக்கு. காந்தி மியூசியத்துல ராட்டை, கீழடி மியூசியத்துல பாசிமணி, உறைகிணறு, இப்படி ஆளுக்கு ஒண்ணைப் பிரிச்சுக் குடுத்தாச்சு. அந்தப் பொருளைப் பத்தி அந்தப் பிள்ளையே படிச்சிட்டு வந்து, அது பக்கத்துல நின்னு, மத்த பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லணும். அது பேசுறப்ப வேற யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சந்தேகம் இருந்தா கையைத் தூக்கணும். அப்ப மிஸ்ஸுக்கு என்ன வேலை? அவங்களும் தரையில உக்காந்து கேப்பாங்களாம். பிள்ளைக பாடம் நடத்தும், மிஸ்ஸு உக்காந்து கேக்கும். சம்பளம் மட்டும் பிள்ளைக பேர்ல போடமாட்டாங்க போல.

எனக்கென்ன, யாரும் எதையும் பேசிட்டுப் போகட்டும்னு இருந்திருப்பேன். என் பொண்ணுக்கும் ஒரு பொருள் குடுத்துட்டாங்க சார்.

என் பொண்ணுக்குப் பேச்சு திக்கும். சின்னதுலேருந்தே உண்டு. நல்லாப் படிப்பா, எழுதச் சொன்னா பக்கம் பக்கமா எழுதுவா. வாயைத் திறந்தா முதல் எழுத்திலேயே நின்னு போகும். அவ பேரே ‘ப்’ல ஆரம்பிக்குதா, யாராவது ‘பாப்பா பேரென்ன?’ன்னு கேட்டாப் போதும், முகமெல்லாம் செவந்து போகும். ஆனா அவளை நான் கஷ்டப்பட விட்டதே இல்ல. அவ திணற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நான் சொல்லிருவேன். சொந்தக்காரங்க வீட்டுல, ஹோட்டல்ல, ஆஸ்பத்திரில, எங்கன்னாலும் சரி. அவளுக்கு ரோஸ் மில்க் வேணுமா, தலை வலிக்குதா, எல்லாம் நானே சொல்லிருவேன். மதுரையில ஒரு டாக்டர்கிட்டக் காட்டினோம். அவரு என்னைப் பாத்து, ‘நீங்க கொஞ்சம் பேசாம இருங்க’ன்னாரு. அவளுக்கு வைத்தியம் பாக்கக் கூட்டிட்டுப் போனா எனக்குப் பாக்குறாரு. அதோட அங்க போறதையே விட்டாச்சு.

அப்பேர்ப்பட்ட பிள்ளையை அம்பது பிள்ளைகளுக்கு நடுவுல நிறுத்திப் பேசச் சொல்றாங்கன்னா, பெத்தவன் சும்மா இருப்பானா? நேரா ஸ்கூலுக்குப் போனேன். ‘மிஸ், உங்களுக்கு என் பொண்ணைப் பத்தித் தெரியாதா?’ன்னு கேட்டேன்.

‘தெரியும் சார். அவளாத்தான் கேட்டு வாங்கினா.’

‘யாரு, என் பொண்ணா? பேனா வாங்கணும்னாக் கூட கடைக்காரர்கிட்டப் பேச என்னைக் கூப்பிடுற பொண்ணு மிஸ் அது.’

‘ஸ்கூல்ல அவளேதான் சார் பேசுறா. கொஞ்சம் நேரம் ஆகும். நாங்க காத்திருப்போம்.’

பாத்தீங்களா, காத்திருப்பாங்களாம். அவங்களுக்கு இருபத்தாறு வயசு இருக்குமா? கல்யாணம் ஆகல. பிள்ளைன்னா என்னன்னு தெரியாது. என் பொண்ணைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றாங்க. மரியாதைக்குக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

அந்த வாரமே ஸ்கூல்லேருந்து தகவல் வந்துச்சு, பிள்ளைகளைப் பாத்துக்க பெற்றோர் ரெண்டு பேர் கூட வரலாம்னு. கடையில ஆள் இல்ல, முகூர்த்த சீசன் வேற. எதையும் பாக்கல. நான் வர்றேன்னு பேர் குடுத்துட்டேன். வீட்டுல வந்து சொன்னதும் என் சம்சாரம் ஈஸ்வரி, ‘நீங்க போகாதீங்க’ன்னா. ஏன்டின்னா காரணம் சொல்லத் தெரியல. முட்டி வலிக்கும்ங்கிறா. மதுரைக்கு நானா நடந்து போறேன்? பொண்ணு பக்கத்துல நின்னா. ‘அப்பா, நீ வ... வ...’ன்னு ஆரம்பிச்சா. ‘வர்றேன்டா கண்ணு, அப்பா வராம இருப்பேனா?’ன்னு தலையைத் தடவிக் குடுத்தேன். அப்படியே என்னையே பாத்துக்கிட்டு நின்னா சார். சந்தோஷத்துல பேச்சே வரல பாவம்.

இருங்க, ரெண்டாவது பேரு என்ன சொன்னீங்க? ஞானசே... ஞானசேகரன், சரி. இல்லையா? ஞானசௌந்தரியா? நல்லவேளை, ‘ஞான’வோட நிறுத்தியிருந்தேன். கொஞ்சம் வெரசாச் சொல்லுங்க சார்.

எங்க விட்டேன்? ஆங், கிளம்பின அன்னிக்கு. எல்லாப் பிள்ளைக்கும் மஞ்சத் தொப்பி. தூரத்துலேருந்து பாத்தா எலுமிச்சம்பழ லோடு எறங்கின மாதிரி இருந்துச்சு. பி.டி. சார் முத்துக்காளைன்னு ஒருத்தர் வந்தாரு. அவரு வாயில விசில் இருக்கும். அதை எடுத்தார்னா சாப்பிடுறதுக்குத்தான் எடுப்பாரு. பிள்ளை ஓடினாலும் ஊதுவாரு, நின்னாலும் ஊதுவாரு. எனக்கும் ஒரு தொப்பி குடுத்தாங்க. தலைக்குப் பத்தல. சும்மா மேல வச்சுக்கிட்டேன்.

பஸ்ல என் பொண்ணு கடைசி சீட்டுக்குப் போயிட்டா. கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடுமே, பாதுகாப்பா இருக்கட்டும்னு நானும் அங்க போயி உக்காந்தேன். அவ எந்திரிச்சு முன் சீட்டுக்கு வந்துட்டா. சரி, அங்க காத்து வரும்போலன்னு நானும் முன்னாடி வந்தேன். ரிஸ்வானான்னு அவ சிநேகிதி ஒருத்தி, நான் உக்காரப்போன இடத்துல டபக்குனு பையை வச்சிட்டா. ‘அங்கிள், ஆள் வருது’ங்கிறா. ஓடுற பஸ்ல ஆள் எங்கேருந்து வரும்?

முதல்ல மகாலு. மாதேஷ்னு ஒரு பையன். அவன் பொருள் தூணு. இந்தத் தண்டித் தூணு பக்கத்துல அவன் நின்னா ஆளே தெரியல. ‘இந்தத் தூண்கள் செங்கல்லால் கட்டப்பட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசப்பட்டவை’ன்னு ஒப்பிச்சான். எனக்குப் பொறுக்கல. ‘டேய் தம்பி, இது கல்லுடா. ஒரே கல்லு. மலையிலேருந்து வெட்டி, யானை கட்டி இழுத்துட்டு வந்தது’ன்னு எடுத்துவிட்டேன். பிள்ளைக எல்லாம் என் பக்கம் திரும்பிருச்சுக. யானையைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொன்னேன். நல்லாக் கேட்டாங்க. அந்த மிஸ்ஸு எந்திரிச்சு, ‘சார், அவன் சொன்னது சரிதான், செங்கல்தான்’னாங்க. கையால தட்டிப் பாத்தேன், எனக்கு என்னமோ கல்லாத்தான் தெரிஞ்சுச்சு. அந்தப் பய அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. மறந்து போச்சு போல. மனப்பாடம் பண்ணினா அப்படித்தான். நான் இல்லைன்னா அந்த இடத்துல அவன் மானமே போயிருக்கும்.

அடுத்து காந்தி மியூசியம். அங்க ரத்தக்கறை படிஞ்ச வேட்டி ஒண்ணு வச்சிருக்காங்க. அதைப் பத்தி ஒரு பொண்ணு சொல்லுச்சு. ரெண்டு பிள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி இதெல்லாம் காட்டணுமா மிஸ்னு கேட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். விசில்காரர் கூட என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு.

மரத்தடியில புளியோதரை சாப்பிடுறப்ப என் பொண்ணு ஒண்ணுமே சாப்பிடல. கையில எடுக்கிறதும் வைக்கிறதுமா இருந்தா. உதடு மட்டும் அசையுது, மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கா. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா இதே கூத்துதான். மொட்டை மாடியில காயப்போட்ட துணிக்கு முன்னாடி நின்னு பேசுவா. குளிக்கிறப்ப குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவா. நான் படியேறுற சத்தம் கேட்டா நிறுத்திருவா. எனக்கு அவளைப் பாக்கப் பாக்க பழசெல்லாம் ஞாபகம் வந்துச்சு சார். சின்னப் பிள்ளையில பாலர் வகுப்புல பாட்டு ஒப்பிக்க மேடை ஏறினவ, முதல் எழுத்துலயே நின்னுட்டா. கூட்டம் சிரிச்சுச்சு. நான் ஓடிப்போயித் தூக்கிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பு இன்னமும் என் காதுல இருக்கு. அது அவ காதுல திரும்ப விழக் கூடாதுன்னுதான் நான் தொப்பி போட்டுக்கிட்டுப் பின்னாடியே அலையிறேன். இது யாருக்குப் புரியுது?

கீழடிக்கு வந்து சேந்தோம். நல்லாத்தான் கட்டியிருக்காங்க, செட்டிநாட்டு வீடு மாதிரி. எறங்கினதும் அந்த மிஸ்ஸு சிரிச்ச முகமா என்கிட்ட வந்தாங்க. ‘சார், மாதேஷுக்கு வாந்தி. பஸ்லயே படுத்திருக்கான். பொறுப்பான ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லாருக்கும்’னாங்க. பொறுப்பான ஆளாம். வந்ததுலேருந்து அவங்க என்னைப் பத்திச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். எதுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? பாத்திரக் கடைக்காரன்னா தலையிலயும் ஈயம் பூசியிருக்கும்னு நெனப்பு. சரிங்க மிஸ்னு தலையை ஆட்டினேன். அந்தப் பயலுக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணைக் கையில குடுத்து மோந்துக்கிட்டே இருடான்னு சொல்லி, டிரைவர்கிட்ட ஒப்படைச்சிட்டு உள்ள போயிட்டேன்.

உள்ள ஒரே நிசப்தம். ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சுத்தி எல்லாப் பிள்ளையும் தரையில உக்காந்திருக்கு. மிஸ்ஸும் சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. விசிலைக் கூடப் பையில போட்டுட்டாரு அந்த ஆளு. நடுவுல என் பொண்ணு நிக்கிறா. அவ பொருள் என்னன்னா, பானை ஓடு. உடைஞ்ச பானை ஓட்டுல ‘ஆதன்’னு பேரைக் கீறி வச்சிருக்கான் எவனோ. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. எழுத்து நம்ம எழுத்து மாதிரி இருக்காது, குச்சி குச்சியா இருக்கும்.

நான் ஒரு மூலையில நின்னேன். அவ பேசுறா சார். ஒரு வார்த்தை வரும், அப்புறம் நிக்கும். கையைத் தொடையில தட்டித் தட்டி அடுத்த வார்த்தையை இழுத்துக்கிட்டு வருவா. நடுவுல எம்புட்டு நேரம் சும்மா நிக்கிறா தெரியுமா? எனக்கு உள்ளங்காலு வேர்த்துப்போச்சு. பிள்ளைக ஒண்ணும் சிரிக்கல. பயந்துபோயி உக்காந்திருக்குதுக. அந்த ரிஸ்வானா மட்டும் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, ஏதோ கதை கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டிருக்கு.

அவ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. ‘இது ராஜா பேரு இல்ல. சாதாரண ஆளு பேரு. அவரு வீட்டுப் பானை. ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கு. இவருக்கு இருந்தது இந்தப் பானைதான். அதுல பேரை எழுதிக்கிட்டாரு. பானை உடைஞ்சிருச்சு. பேரு உடையல.’ இதைச் சொல்றதுக்கு அவ எடுத்துக்கிட்ட நேரத்துல நான் ஒரு அண்டாவுக்குக் குடும்பம் மொத்தத்தோட பேரையும் வெட்டியிருப்பேன். ஆனா சொல்லிட்டா. ஒரு வார்த்தை விடல. நானே அசந்துட்டேன்.

அங்க நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தல. இன்னும் ஒண்ணு சொல்ல வந்தா. ‘இப்பவும்...’னா. அப்புறம் ‘எங்க...’ன்னா. அதோட நின்னு போச்சு. கண்ணை மூடுறா, திறக்குறா, தொடையில தட்டுறா, வாய் கோணுது, கழுத்து நரம்பு புடைக்குது, ஒண்ணும் வரல. யாரும் உதவிக்கு வரல சார். அந்த மிஸ்ஸு கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க. எனக்கு அதுக்கு மேல தாங்கல. கூட்டத்துக்குள்ள புகுந்து போயிட்டேன். ‘இப்பவும் எங்க பாத்தாலும் தோண்டிக்கிட்டிருக்காங்க, இன்னும் நிறைய கிடைக்கும்னு சொல்ல வர்றா. எல்லாரும் கை தட்டுங்க பிள்ளைகளா’ன்னு நானே முதல்ல தட்டினேன். அங்கொண்ணு இங்கொண்ணா தட்டுச்சுக. கட்டக் கடைசியில அவளை எப்படியோ கரை சேத்துட்டேன்னு எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

அவ வாயை மூடிக்கிட்டா. அழல. தொப்பியைக் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போயி ரிஸ்வானா பக்கத்துல உக்காந்துட்டா. அவ்வளவுதான். அன்னிலேருந்து என்கிட்டப் பேசுறதில்ல.

வீட்டுல சோறு போடுறா, தண்ணி எடுத்து வைக்கிறா, கடைக்கு வந்து பாத்திரத்தைத் துடைச்சு அடுக்குறா, எல்லாம் செய்றா. பேச்சு மட்டும் கிடையாது. முன்னாடி திக்கித் திக்கியாவது ‘அப்பா’ம்பா. எனக்கென்ன, நிம்மதியாப் போச்சுன்னு ஈஸ்வரிகிட்டச் சொன்னேன். பேசாம இருந்தா திக்காதுல்ல? அவ என்னை முறைச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ராத்திரி எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது சார், அது வேற விஷயம்.

சும்மா விடக் கூடாதுன்னு ஸ்கூலுக்குப் போனேன். பிள்ளை மனசு உடைஞ்சு போச்சு, நீங்க செஞ்ச வேலைதான் இதுன்னு அந்த மிஸ்ஸைப் புடிபுடின்னு புடிச்சேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, ‘சார், அவ கடைசியா என்ன சொல்ல வந்தான்னு உங்களுக்குத் தெரியுமா?’ன்னு கேட்டாங்க.

‘தெரியாமலா? அதைத்தானே நான் சொல்லி முடிச்சேன்.’

‘அது இல்ல சார்.’

‘பின்ன என்ன?’

‘அவகிட்டயே கேளுங்க.’

அவதான் என்கிட்டப் பேசுறதில்லையே, எப்படிக் கேக்குறது? கேட்டேன், கேக்காம இல்ல. பாத்திரம் துடைச்சுக்கிட்டிருந்தா. ‘என்னம்மா சொல்ல வந்த, தோண்டுறதைப் பத்தித்தானே? இல்லையா? அப்ப அந்த எழுத்தைப் பத்தியா? அதுவும் இல்லையா? அரசாங்கத்தைப் பத்தியா?’ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுப் பாத்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் துணியைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இதுக்கு மேல ஒருத்தன் எப்படிக் கேக்குறது?

போன வாரம் அந்த ரிஸ்வானா அவங்கம்மாவோட டிபன் பாக்ஸ் வாங்க வந்துச்சு. மெதுவா அதுகிட்டக் கேட்டேன். அது சொல்லுது, ‘அங்கிள், கடைசியில உங்களைப் பத்தித்தான் சொல்றதா இருந்தா. எங்ககிட்டச் சொல்லிப் பாத்திருக்கா.’

‘என்னைப் பத்தியா? என்னத்தை?’

‘அதை அவதான் சொல்லணும் அங்கிள். நாங்க சொல்லக் கூடாது.’ அந்த மிஸ்ஸு சொல்லிக் குடுத்த பழக்கம் எப்படி இருக்கு பாருங்க.

என்னைப் பத்திச் சொல்ல என்ன சார் இருக்கு? எனக்கு அன்னிலேருந்து இதே ரோதனையாப் போச்சு. நல்லதாச் சொல்ல வந்தாளா, கெட்டதாச் சொல்ல வந்தாளா? ‘இப்பவும் எங்க அப்பா என்னைப் பேசவிடமாட்டாரு’ன்னு கூடச் சொல்ல வந்திருக்கலாம், யாரு கண்டா? அப்படியே சொல்லியிருந்தாலும் பரவால்ல. என்னன்னு தெரிஞ்சாப் போதும். உடைஞ்ச பானைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது எவனோ மண்பானையில பேரைக் கீறி வச்சிட்டுப் போனவன். நான் எவர்சில்வர் யாவாரம் பண்றவன். இருங்க, அந்த நாலாவது பேரை ஒருக்கச் சொல்லுங்க, வெட்டிருவோம். இந்த ஓரத்துல எடம் இருக்கு. வெட்டிட்டா நாப்பது அம்பது வருஷம் அசையாது சார். ஆளு போனாலும் பேரு இருக்கும்.

என்ன சார் சிரிக்கிறீங்க?

இல்ல, சிரிச்சீங்க. என்னையவும் மெஷினையும் மாத்தி மாத்திப் பாத்துச் சிரிக்கிறீங்க. உங்களுக்கு ஏதோ புரிஞ்சிருச்சு. என்னது? அவ என்ன சொல்ல வந்தான்னு உங்களுக்குத்...

வேணாம் சார். சொல்லாதீங்க.

இல்ல, நெசமாத்தான் சொல்றேன். தெரிஞ்சுக்கணும்னு எனக்கு உசுரே போகுது, அது வேற. ஆனா நீங்க சொல்லிட்டா அது நீங்க சொன்னதா ஆயிரும். ஒரு மாசம் துணிக்கு முன்னாடி நின்னு சொல்லிப் பாத்திருக்கா பிள்ளை. அதை வழியில போற ஆளு முடிச்சு வச்சா நல்லாவா இருக்கும்? கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்ல மனுசர்தான். இருந்தாலும் அடுத்தவங்க பேச்சுல பூந்து முடிக்கிற ஆளுகளைக் கண்டா எனக்கு ஆகாது.

இந்தா, அவளே வந்துட்டா. டியூஷன் விட்டு நேரா இங்கதான் வருவா. வாம்மா. இவரு புதுசா வந்திருக்க பேங்க் சார். உங்க ஸ்கூலைப் பத்திக் கேட்டாரு, அதான் பேசிக்கிட்டிருந்தோம். இவ எட்டாவது படிக்கிறா சார், ஹிஸ்டரின்னா இவளுக்கு... சரி, நான் ஏன் சொல்றேன்?

என்ன சார்? அவகிட்டயே கேக்கணுமா? கேளுங்க. ஆனா என்கிட்டத்தான் கோவம் அவளுக்கு, நான் இருந்தா சொல்லமாட்டா. இருங்க, மெஷினை அமத்திடுறேன்.

கேட்டுட்டாரு பாப்பா. கீழடியில கடைசியா என்ன சொல்ல வந்தன்னு கேக்குறாரு. எனக்காக இல்லம்மா, அவருக்காகத்தான் கேக்குறாரு. அவருக்குச் சொல்லு. ‘இப்பவும்’னு ஆரம்பிச்ச, அப்புறம் ‘எங்க’ன்னு... சரி, சரி. நான் வாயைத் திறக்கல.

சார், அவசரப்படாதீங்க. அவ வாயையே பாக்காதீங்க, பாத்தா இன்னும் நிக்கும். சும்மா அந்தத் தாம்பாளத்தைப் பாத்துக்கிட்டு இருங்க. வந்துரும்.

நான் அந்தப் பக்கம் போயி குடத்தையெல்லாம் துடைச்சுக்கிட்டிருக்கேன். நீ சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் கேக்காது.